இணை முகாமைத்துவமா, கூட்டாளுகையா?

கொழும்பில் கண்டற்காடுகள் (உவர்நீர்க் கரையோரம் வளரும் மரக்காடுகள், ஆங்கிலத்தில் மாங்ரோவ்) பற்றி நடந்த ஒரு கூட்டத்துக்கு நான் தமிழ்ப்படுத்திய துண்டுப்பிரசுரம் மேசைதோறும் கிடந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்த ஐயா ஒருவர், 'சமுதாய இணை முகாமைத்துவம்' என்ற தலைப்பில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில ஆர் முகாமையாளர்? நாங்களா, கந்தோர்காரரா?"

"ரெண்டு பேரும்தான் ஐயா."

"அப்ப அத ஏன் எழுதல்ல?"

எழுதித்தான் இருந்தேன். 'இணை' என்ற சொல்லுக்குள் அது இருக்கிறதென்று நம்பியிருந்தேன். அவருக்கு எட்டவில்லை என்றால் பிழை சொல்லில்தான். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்குக் கோ-மேனேஜ்மென்ட் என்று பெயர். 'கோ' என்பது 'உடன், சேர்ந்து' என்று பொருள்தரும் இலத்தீன் முன்னொட்டு. 'மேனேஜ்' வந்த வழி இன்னும் சுவையானது. குதிரையைப் பழக்கிக் கையாள்வதைக் குறித்த 'மனெஜ்ஜாரே' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து அது வந்தது. அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது 'மானுஸ்', இலத்தீனில் கை. கடிவாளம் பிடித்த கை. தமிழில் நாம் 'கையாளுதல்' என்கிறோமே, அதே கைதான்.

துறைச்சொல்லாகப் பார்த்தால், ஒரு காட்டையோ களப்பையோ பற்றிய முடிவுகளை அரசும் அங்கே வாழும் மக்களும் பகிர்ந்து எடுப்பதும், அந்த முடிவுகளுக்கு இரு தரப்பும் பொறுப்பேற்பதும் கோ-மேனேஜ்மென்ட். திணைக்களம் முடிவெடுத்து ஊரார் கன்று நடுவது அதற்குள் வராது. எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதை இந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

இலங்கையில் நாம் எழுதுவது 'முகாமைத்துவம்'. 'முகாமை' என்றால் தலைமை, மேற்பார்வை. அதிலுள்ள 'மை' ஏற்கனவே பண்புப்பெயர் விகுதி. அதன்மேல் வடமொழித் 'துவம்' ஒன்றையும் ஏற்றிவிட்டோம். தலைமைத்துவத்தைப் போல இதுவும் பழகிப்போய்விட்டது, கொழும்புக் கந்தோர்களில் இனி யாரும் இதை அசைக்க முடியாது. தமிழ்நாட்டில் 'மேலாண்மை' என்பார்கள். 1990இல் இந்திய மத்திய அரசின் சுற்றறிக்கையோடு பரவிய திட்டம் அங்கே 'கூட்டு வன மேலாண்மை' ஆனது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, வற்றிக் கிடந்த கண்டல் நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரைத் திரும்பப் பாயவைத்தார்கள். அரிய வேலை. ஆனாலும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மேல் + ஆண்மை. மேலிருந்து ஆள்வது. அதன் முன்னே 'கூட்டு' போட்டாலும் 'இணை' போட்டாலும் உள்ளேயிருக்கும் 'மேல்' மறைவதில்லை. முகாமையிலும் ஒரு தலைவர் உட்கார்ந்திருக்கிறார். ஐயா கேட்டது அந்தத் தலைவர் யார் என்றுதான்.

'கூட்டுப் பேணல்' என்று சொல்லலாமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். கரையோரம் பேணல் திணைக்களத்தின் பெயரில் உள்ள அதே பேணல். அழகான சொல், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. பேணுவதற்கு அதிகாரம் தேவையில்லை, பொறுமை போதும். கன்றுக்கு வேலி கட்டு, மாட்டை விரட்டு, பிளாஸ்ரிக் பொறுக்கு என்று ஊராரிடம் வேலையை மட்டும் ஒப்படைக்க இந்தச் சொல் வழிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது 'கூட்டாளுகை'. 'ஆள்' என்ற வேர் அரசு செய்வதை மட்டும் குறிப்பதல்ல. கையாள்கிறோம், எடுத்தாள்கிறோம். காணி உறுதிகளில் 'ஆண்டனுபவித்து' என்று எழுதுகிறோமே, அங்கே ஆள்வது என்றால் ஒன்றை வைத்திருந்து பயன்கொள்வது. உரிமை, பயன்பாடு, முடிவு ஆகிய மூன்றும் இந்த ஒரு வேரில் இருக்கின்றன. போதாததற்கு, காதுக்குக் 'கூட்டாளி'யின் அருகில் நிற்கிறது. கடற்கரையில் விளக்கம் கேட்டால் அந்த ஒரு சொல்லே போதும்.

இது புதுச் சரக்கும் அல்ல. கொழும்பிலிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீற்றர் போனால் நீர்கொழும்புக் களப்பு. அதன் வாயில், வற்றுநீரோடு இரவில் கடலுக்குத் திரும்பும் இறாலை, நட்ட கம்பங்களில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். கட்டுடெல் என்பது அந்தத் தொழிலின் பெயர். இறால் கூடும் இடங்கள் சில, வலைகளோ பல. யாருக்கு எந்த இடம் என்பதை மீனவர் சங்கங்கள் சீட்டிழுத்து முடிவுசெய்யும். தலைமுறை தலைமுறையாக ஊரார் காத்துவந்த அந்த ஒழுங்கை 1958இல் அரசு சட்டப் பிரமாணமாக்கியது. ஊர் வகுத்த விதி, அரசு போட்ட முத்திரை. கூட்டாளுகைக்கு இதைவிடக் கிட்டிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதே களப்பில் கண்டல் கிளைகளை நீரில் குத்திவைத்து மீன் ஒதுங்கவைக்கும் முறையும் உண்டு. அதற்குக் கிளை வேண்டுமென்று மீனவர்கள் தாங்களே கண்டல் நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் 'கண்டல்' பற்றியும் சொல்லவேண்டும். கொழும்புப் பத்திரிகைகளில் சிலவேளை 'சதுப்புநிலக் காடு' என்று வருகிறது. வேண்டாம். வத்தளைக்கு அப்பால் விரியும் முத்துராஜவெல சதுப்பு, அதன் வடக்கே சேரும் களப்போரத்தில் நிற்பது கண்டல். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் எதைக் காக்கச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடும். நற்றிணையில் 'கண்டல் வேலி' என்ற தொடர் வருகிறது. கழி சூழ்ந்த ஊருக்குக் கண்டலே வேலி. முத்துப்பேட்டைப் பக்கத்து 'அலையாத்தி'யும் அருமையான சொல், அலையை ஆற்றுவது. 100 மீற்றர் அகலமான கண்டல் அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று இன்று அளந்து சொல்கிறார்கள். அளவுகோல் வருமுன்னே பெயர் வந்துவிட்டது.

கண்டல் காயைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முருங்கைக்காய் போல நீண்டு பச்சையாகத் தொங்கும். உண்மையில் அது காயல்ல, தாய்மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று. ஒரு முழம் வரையும் வளர்ந்தபின்தான் கழன்று விழும். சேற்றில் குத்தினால் நின்றுவிடும் என்பதால்தான் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் அதைக் குத்தித் தள்ளினார்கள். 2017இல் இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் நடப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 வரைதான். பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இடம் பிழை, நீர்மட்டம் பிழை, நட்டபின் பார்க்க ஆளில்லை. எந்த மேட்டில் எத்தனை நாழிகை நீர் நிற்கும் என்பது அந்தக் கழியில் வலை வீசுபவருக்குத் தெரியும். அவர் நடுகை நாளன்று கூலிக்கு அழைக்கப்படுவதும், இடம் தெரிவுசெய்யும் நாளில் வாக்கோடு உட்காருவதும் ஒன்றல்ல. கூட்டாளுகை குறிப்பது இரண்டாவதை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. மீன்பிடிச் சட்டம் 1996இலிருந்து மீனவர் குழுக்களை ஏற்கிறது. கரையோரச் சட்டத்தின் 2011 திருத்தம் விசேட முகாமைத்துவப் பகுதிகளுக்கு வழிவிட்டிருக்கிறது. 2020இல் கண்டலுக்கென்றே தேசியக் கொள்கை வந்தது. சட்டப்பெயர்களில் 'முகாமைத்துவம்' இருக்கிறபடியே இருக்கட்டும், மேற்கோளில் அதை மாற்றக்கூடாது. விளக்கவுரை, துண்டுப்பிரசுரம், செய்தி ஆகியவற்றில் 'கண்டற்காட்டுக் கூட்டாளுகை', 'கூட்டாளுகைக் குழு', 'கூட்டாளுகை உடன்படிக்கை' என்று எழுதலாம். வினையாக வேண்டுமானால் 'சேர்ந்து ஆளுதல்'.

எழுதுமுன் மூலத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஊராருக்கு முடிவில் வாக்கு இருக்கிறதா? இருந்தால் கூட்டாளுகை. கருத்துக் கேட்டார்கள் என்றால் கலந்தாலோசனை. கன்று நட அழைத்தார்கள் என்றால் பங்கேற்பு, அல்லது சிரமதானம்.