2147483647: எதற்கும் வகுபடாத எண்

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து, கொழுந்து பறிப்பவர்கள் நிறைக்குள் (செடி வரிசைக்குள்) நிற்கும் நேரம். காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் பழைய கணினிகளின் கடிகாரம் 2147483647-ஐத் தொடும். இலங்கை நேரப்படி 1970 ஜனவரி 1, காலை 5.30 முதல் அவை விநாடிகளை எண்ணி வருகின்றன. எண்ண 32 இடங்கள். ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 31 இடங்களில் 0, 1 மட்டும் வைத்து எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான்: 2-இன் 31ஆம் வலுவில் ஒன்று குறைவு. திருத்தாமல் விட்டால் அடுத்த விநாடியே கடிகாரம் 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்.

கணினிக்காரருக்குத் தலைவலியான இந்த எண் ஒரு முதன்மை எண்: 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. அதை நிறுவியவர் கணித மேதை ஒய்லர், 1772இல். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை.

ஓர் எண் முதன்மை எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் கிட்டத்தட்ட 4,800 முதன்மை எண்கள் இருக்கின்றன. கையால் வகுப்பதென்றால் யாருக்கும் அலுத்துப்போகும். ஒய்லர் வகுப்பதற்கு முன்பே பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டார்.

சிறிய எண்ணில் பார்ப்போம். 2-இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இடத்தில் 1 வந்ததும் பழைய வரிசையே மறுபடி தொடங்கும். 22ஆவது இடத்திலும் 1 வந்தே தீரும் என்பது கணிதர் ஃபெர்மா கண்ட விதி: வகுக்கும் முதன்மை எண்ணை (2 நீங்கலாக) விட ஒன்று குறைந்த இடத்தில் மீதி எப்போதும் 1. ஆகவே சுற்றின் நீளமான 11, 22-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும். 89-இலும் அப்படித்தான், 88 என்பது 11-இன் எட்டு மடங்கு.

நம் எண்ணில் சுற்றின் நீளம் 31. நம் எண்ணை வகுக்கும் முதன்மை எண் ஏதாவது இருந்தால், அதில் ஒன்றைக் குறைத்தது 31-இன் மடங்காக வேண்டும். இரட்டை எண்ணாகவும் வேண்டும். அதாவது 62-இன் மடங்கு. அப்புறம் இன்னொரு சல்லடை: அந்த முதன்மை எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரலாம் (இதன் நிறுவலுக்கு இங்கே இடமில்லை). இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340-க்குள் அப்படி, 63-ஐ நீக்கினால், 372 எண்கள். அவற்றிலும் பல முதன்மை எண்களே அல்ல: 249-ஐ 3 வகுக்கிறது, 497-ஐ 7 வகுக்கிறது. உண்மையில் முதலில் சோதிக்க வேண்டியது 311 (நம் எண்ணை அதனால் வகுத்தால் மீதி 35). அடுத்தது 1303 வரை ஒன்றுமே இல்லை!

இப்படிச் சோதித்து எதுவும் வகுக்கவில்லை என்று ஒய்லர் கண்டார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இதைவிடப் பெரிய முதன்மை எண் எதையும் யாரும் நிறுவவில்லை.

புதிய கணினிகள் 64 இடங்களில் எண்ணுகின்றன. அவற்றின் எல்லை 9223372036854775807. அதை 7 வகுத்துவிடும்.