மூன்று ‘இல்லை’களுக்குப் பின்னால்

மார்பகப் புற்றுநோய் உறுதியானதும் திசுவில் மூன்று விஷயங்களைத் தேடுவார்கள்: ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பி, செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதத்தின் மிகுதி. மூன்றும் இல்லையென்றால் அது ‘டிரிபிள் நெகட்டிவ்’. ஹார்மோன் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை; பெரும்பாலும் கீமோதெரபியைத்தான் நம்ப வேண்டும். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டு இணையத்தில் தேடுபவர் அன்றிரவு தூங்குவது கடினம்.

என்ன இல்லை என்பதை வைத்துச் சூட்டிய பெயர் அது. அதற்குள் இருப்பவை எல்லாம் ஒரே நோய் அல்ல.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற அரிய வகையை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் இதுவும் டிரிபிள் நெகட்டிவ்தான். ஆனாலும் இதன் பத்தாண்டு ஒப்பீட்டு உயிர்வாழ்வு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது, இந்நோய் வந்தவர்கள் அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவ்வளவாகப் பின்தங்குவதில்லை.

நுண்ணோக்கியில் இதன் முகம் சட்டென்று அடையாளம் தெரியும். செல் கூட்டங்களின் நடுவே வட்ட வட்டமாகத் துளைகள், பார்த்தால் சல்லடைதான். அந்தத் துளைகளில் பல உண்மையில் துளைகளே அல்ல. செல்களைத் தாங்கும் அடிச்சவ்வுப் பொருள் உருண்டு திரண்டு நிற்கும் இடங்கள் அவை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய்க்கும் இதே தோற்றம், இதே பெயர்.

தோற்றம் மட்டுமா ஒன்று? 2009இல் வெளியான ஆய்வு இரண்டிலும் ஒரே மரபணுப் பிழையைக் காட்டியது. 6ஆம், 9ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, எம்.ஒய்.பி. என்ற மரபணு என்.எஃப்.ஐ.பி. மரபணுவின் துண்டோடு ஒட்டிக்கொள்கிறது. எம்.ஒய்.பி. செல்லைப் பெருகச் சொல்லும் மரபணு. அதை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் வந்து பிடித்துக்கொள்ளும் வால்பகுதி இந்த உடைப்பில் தொலைந்துபோகிறது. பிடி இல்லாததால் அடங்குவதும் இல்லை.

மரபணு ஒன்றானாலும் போக்கு வேறு. உமிழ்நீர்ச் சுரப்பியில் இது நரம்புகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து, ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரும். மார்பகத்திலோ அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதே அரிது. கட்டியைச் சுற்றிப் புற்றுச் செல் இல்லாத விளிம்போடு வெட்டி எடுப்பதுதான் முதன்மைச் சிகிச்சை. மார்பகத்தைக் காக்கும் அறுவை என்றால் கதிர்வீச்சும் சேரும். கீமோதெரபி பலருக்குத் தேவைப்படுவதில்லை. இவ்வளவு அரிய நோய்க்கு நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிடும் பெரிய சோதனைகள் நடத்த ஆள் சேராது. எனவே இந்த அறிவில் பெரும்பகுதி புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து திரட்டியது. அதன் வரம்பையும் மனத்தில் வைக்க வேண்டும்.

டிரிபிள் நெகட்டிவ் என்ற அதே பெயரின் கீழ் மெட்டாபிளாஸ்டிக் என்ற வகையும் பெரும்பாலும் வரும். அதில் சில செல்கள் குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ உருமாறும், கீமோதெரபிக்கு எளிதில் மசியாது, உயிர்வாழ்வும் குறைவு.

அடினாய்டு சிஸ்டிக்கிலேயே துளைகள் அருகி, செல்கள் கெட்டியாக அடைந்து கிடக்கும் ஒரு துணைவகை உண்டு, அது கடுமையானது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது நோயியல் மருத்துவரின் கண். வழக்கமான வகையிலும் அக்குள் கணுக்களில் நோய் இல்லாமலே, ஆண்டுகள் பல கழிந்து நுரையீரலில் நோய் தலைகாட்டியதுண்டு. அதனால் ஐந்தாண்டு முடிந்ததும் இவர்களின் கோப்பை மூடிவிடுவதில்லை.