எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் சம்பளம்: கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "சார், பையன் ட்ரிபிள் ஈ முடிச்சிட்டான். எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் கோர்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க, ஃபீஸ் அறுபதாயிரம். முடிச்சா மாசம் எவ்வளவு வரும்?"

"எந்த இன்ஸ்பெக்டர்ம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கோர்ஸ் விற்கிறவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் இந்த ஒரு பெயரில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தெருவில் கம்பி அறுந்தால் ஆட்களோடு வந்து நிற்பவர் மின்வாரியத்தின் மின்பாதை ஆய்வாளர். 'லைன் இன்ஸ்பெக்டர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் கம்பியாளராக இருந்து பதவி உயர்வில் வந்தவர். இரண்டாமவர் மாநில அரசின் மின் ஆய்வாளர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162-வது பிரிவின்படி அரசு நியமிப்பவர். மூன்றாவது என்னைப் போன்றவர்கள். தனியார் நிறுவனத்திலோ சொந்தமாகவோ ஆலை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று போய் மின் அமைப்பைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பவர்கள். மூவரும் வேலைக்கு வரும் வழி வேறு, வாங்கும் சம்பளமும் வேறு.

அரசு வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், கணக்கு தெளிவாக இருக்கிறது. மின் ஆய்வுத் துறையின் தலைமை அலுவலகம் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகள் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி உதவி மின் ஆய்வாளராகச் சேரலாம். தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய். 2025 ஜனவரியில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 58,435. அதன் மேல் வீட்டு வாடகைப்படி உண்டு. அது ஊரைப் பொறுத்து மாறும். ஓய்வூதியத்துக்கான 10 சதவீதப் பிடித்தம் மட்டும் மாதம் ஐயாயிரத்து எண்ணூறுக்கு மேல் போய்விடும். வருடத்துக்கு ஒரு முறை 3 சதவீத உயர்வு. அகவிலைப்படி ஏறும்போது கூடவே ஏறும். நல்ல சம்பளம்தான். ஆனால் காலியிடங்கள் சிலதான் வரும், வராத வருடமும் உண்டு. அதை மட்டும் நம்பி மூன்று வருடம் வீட்டில் உட்கார வேண்டாம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். தேர்வுக்குப் படியுங்கள், கூடவே சைட்டுக்கும் போங்கள்.

அந்த வேலையின் பாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெச்.டி. என்கிற உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள ஆலைகள், 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்கள், சினிமா தியேட்டர்கள், லிஃப்டுகள் எல்லாம் அந்தத் துறையின் கண்ணுக்குக் கீழே வருகின்றன. மின் விபத்தில் உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள் இவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். காரணத்தை விசாரித்து எழுதுவதும் இவர்கள்தான். அந்தக் கையெழுத்துக்குச் சட்டம் பின்னால் நிற்கிறது. 60,000 ரூபாய் கோர்ஸ் எதுவும் அந்த அதிகாரத்தைக் கொடுக்காது. அரசு கெஜட்டில் வெளியிட்டு நியமித்தால்தான் உண்டு. கோர்ஸ் சர்டிபிகேட்டில் 'இன்ஸ்பெக்டர்' என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தாலும் சரி.

இந்தத் தொழிலில் பதினைந்து வருடம் சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. படிப்பு கதவைத் திறக்கும். அதற்கப்புறம் சம்பளத்தை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் கையெழுத்தை யார், எதற்காக நம்புகிறார்கள் என்பதுதான்.

என் முதல் வேலையையே சொல்கிறேன். 2009-இல் ஒரு நிறுவனத்தில் மாதம் 6,000 சம்பளம், ரிப்போர்ட் ஒன்றுக்கு 150 ரூபாய் தனியாக. கேட்க நன்றாக இருந்தது. இரண்டாவது வாரமே ஒரு ஆலையில் ஒரே நாளில் 60 எர்த் பிட் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி) அளக்கச் சொன்னார்கள். ஒரு பிட்டை ஒழுங்காக அளக்க வேண்டுமென்றால் லிங்கைக் கழற்றி, எர்த் டெஸ்டர் ஒயரை இழுத்துக்கொண்டு போய் இரண்டு ஸ்பைக்கைத் தள்ளித்தள்ளி அடித்து, ரீடிங் பார்த்து, நடு ஸ்பைக்கைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பார்த்து, லிங்கை மாட்ட வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். தரையெல்லாம் கான்கிரீட்டாக இருந்தால் இன்னும் அதிகம். 60 பிட் நடக்கிற காரியமா? கூட வந்த சீனியர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து 0.8, 0.9, 1.1 என்று வரிசையாக நிரப்பினார். அதன் அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் ஒரு பிட்டை நானே அளந்து பார்த்தேன். 14 ஓம். பேப்பரில் 0.9 என்று இருந்தது. இந்த எண் கூடக்கூட கசிவு மண்ணுக்குள் இறங்குவது கஷ்டம். அந்த ஆலையில் ஒரு மோட்டார் பாடியில் ஷாக் வந்து, ஃபியூஸும் போகாமல், யாராவது கை வைத்திருந்தால்? ஐந்தாவது மாதம் வெளியே வந்தேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவே இல்லை.

ரிப்போர்ட் கணக்கில் சம்பளம் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் உடம்பால் முடியாததாக இருந்தால், அவர்கள் விலைக்குக் கேட்பது உங்கள் பெயரை.

இதே கதைதான் லைசென்ஸ் வாடகையிலும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் மேற்பார்வையாளருக்குத் தகுதிச் சான்று கொடுக்கிறது. நாம் 'சி லைசென்ஸ்' என்று சொல்வது அதைத்தான். ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டுமென்றால் இந்தச் சான்று உள்ள ஒருவர் அவரிடம் வேலை பார்க்க வேண்டும். அதனால் வேலைக்கே போகாமல் சான்றை மட்டும் கொடுத்து வருடத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சும்மா வருகிற காசு என்று தோன்றும். நீங்கள் பார்க்காத கட்டடத்தில் யாரோ செய்த வயரிங்கால் ஒருவர் செத்தால், ஃபைலில் இருப்பது உங்கள் பெயர். அந்தக் காசு வேண்டாம் தம்பிகளே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, சம்பளம் எப்படித்தான் ஏறும்? கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவோடு பேனல் பேனலாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மெஷினுக்கு மின்சாரம் போகும் ஃபீடரில் மூன்று ஃபேஸ் கம்பிகள்: ஆர் ஃபேஸ் 46 டிகிரி, ஒய் ஃபேஸ் 48, பி ஃபேஸ் மட்டும் 97. "லோடு அதிகம் சார், அந்த மெஷின் எப்பவும் அப்படித்தான்" என்றார் ஆலை எலக்ட்ரீஷியன். கம்பியில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர். ஒரே கரண்ட் ஓடும்போது ஒன்று மட்டும் கொதித்தால் லோடைக் குறை சொல்ல முடியாது, ஜாயிண்டில்தான் கோளாறு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திக் கை வைத்துப் பார்த்தோம். கேபிள் முனையை இறுக்கும் லக்கின் போல்ட் வெறும் கையாலேயே சுழன்றது. வாஷர் சூட்டில் நிறம் மாறியிருந்தது. அதற்கு நாலு விரல் கீழே, பேனல் தட்டு முழுக்கப் பஞ்சுத் தூசி, மெத்தை மாதிரி.

ஆலை முதலாளி வந்து அந்தத் தூசியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று என் கம்பெனிக்கே போன் செய்திருக்கிறார். எனக்குச் சம்பளம் 18,000-லிருந்து 26,000 ஆனது அந்த வருடம்தான். கேமரா யாரிடமும் இருக்கும். பஞ்சாலையில் தீ எங்கே பிடிக்கும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் கூடுதல் காசு. ஆஸ்பத்திரி, கெமிக்கல் பிளான்ட், சோலார் என்று ஏதாவது ஒன்றில் நீங்களும் அப்படி ஆழமாக இறங்குங்கள்.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே நம்மவர்கள் போவது பெரும்பாலும் க்யூசி, அதாவது தரக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வேலைக்கு. எண்ணெய் நிறுவனம் உங்கள் பயோடேட்டாவைப் பார்த்து, இன்டர்வியூ வைத்து அப்ரூவல் கொடுத்தால் சம்பளமே வேறு. வெடிக்கும் வாயு உள்ள இடங்களில் வேலை செய்வதற்கான காம்பெக்ஸ் சான்று இருந்தால் மதிப்பு கூடும். ஆனால் அது ஐந்து வருடம்தான் செல்லும், புதுப்பிக்கும் செலவு யாருடையது என்று முன்பே கேட்டுவிடுங்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. இரண்டு ப்ராஜெக்டுக்கு நடுவில் வீட்டில் இருக்கும் மாதங்களையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான மாதச் சம்பளம் தெரியும். சிங்கப்பூரில் கணக்கு இன்னும் வெளிப்படை. அங்கே உரிமம் மூன்று படி. எலக்ட்ரீஷியன் 45 கேவிஏ (மின் லோடின் அளவு) வரை, டெக்னீஷியன் வடிவமைப்பில் 150 கேவிஏ வரை, அதற்கு மேலே இன்ஜினியர். கையெழுத்து போடக்கூடிய லோடு கூடக்கூட அந்த ஆளின் மதிப்பும் கூடும்.

பொள்ளாச்சி அம்மாவிடம் அறுபதாயிரத்தைக் கட்ட வேண்டாம் என்றேன். பையனையே பேசச் சொன்னேன். ஒரு டெஸ்டிங் கம்பெனியில் 16,000 தருகிறார்களாம், குறைவாக இருக்கிறதே என்றான். முதல் இரண்டு வருடத்துக்கு அதுதான் தம்பி நடப்பு என்றேன். இன்டர்வியூவில் மூன்று விஷயம் கேட்டு வரச் சொன்னேன்: மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று கடைசியாக எப்போது சோதித்து (காலிபரேஷன்) வைத்தார்கள், ரீடிங் எடுக்கும்போது கூட யார் நிற்பார், ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து.

நேற்று போன் செய்தான். காலிபரேஷன் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார்களாம். முதல் ஒரு வருடம் கையெழுத்து சீனியருடையது, இவன் அளந்து குறித்துக் கொடுத்தால் போதுமாம். திங்கட்கிழமை சேருகிறான். ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்துக்கொள், தேதி, இடம், மீட்டர் நம்பர் போட்டு ஒவ்வொரு ரீடிங்கையும் உன் கையால் எழுது, அந்த நோட்டை ஆபீஸில் விட்டுவிட்டு வராதே என்று சொல்லியிருக்கிறேன்.