கூப்பிட்ட வீட்டுக்குள் வராத சர்வே

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவுக்கு டேப்லெட்டும் கையுமாக ஒரு பெண் வந்தார். பிஸ்கட் கம்பெனி சர்வேயாம். நானே கூப்பிட்டேன், உங்கள் வீட்டில் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களிடமும் கேட்கவில்லை. வேலைக்குப் போன பையன் எத்தனை மணிக்கு வருவான் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். பேச ஆள் இருக்கும்போது பேசாமல், நாலு வீட்டில் கேட்டுவிட்டு ஊருக்கே என்ன பிடிக்கும் என்று எப்படிச் சொல்வார்கள்?"

அந்தப் பெண் செய்தது முழுக்கச் சரி. கூப்பிட்ட வீட்டுக்குள் போயிருந்தால்தான் அந்த சர்வே கெட்டுப்போயிருக்கும். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் "நாலு வீடு" சங்கதியை முடித்துவிடுவோம். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் சரியாக 50 தலை விழுவது அபூர்வம். ஐந்தாறு கூடும், அல்லது குறையும். 10,000 முறை சுண்டினால் 5,000-லிருந்து 50 அளவுக்கு முன்பின் ஆகும். ஆனால் சதவீதமாகப் பாருங்கள்: 5 சதவீதமாக இருந்த விலகல் அரை சதவீதமாகச் சுருங்கிவிட்டது. சர்வேயிலும் இதே கணக்குதான். எத்தனை பேரிடம் கேட்கிறோமோ அதன் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால், பிழை எந்த அளவுக்குள் நிற்கும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். 400 பேர் என்றால் 5 சதவீதம், 1,600 பேர் என்றால் 2.5 சதவீதம். நாலு மடங்கு செலவு செய்தால் பிழை பாதியாகும், அவ்வளவுதான். இதில் ஊரின் மொத்த மக்கள்தொகை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ராயபுரத்துக்கு 400 பேர் போதுமென்றால், ஒட்டுமொத்தச் சென்னைக்கும் அதே 400 பேர் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, கொதியில் அரிசியெல்லாம் புரண்டு கலந்திருப்பதால் உண்மையாகிறது. ஊர் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. சௌகார்பேட்டையில் வடநாட்டு வியாபாரக் குடும்பங்கள், காசிமேட்டில் மீனவர்கள், பெரம்பூரில் ரயில்வே பணிமனை ஊழியர்கள், மணலியில் ஷிப்டு வேலைக்காரர்கள் என்று தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள். கலக்கிவிட ஒன்று வேண்டும். அதுதான் குலுக்கல். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமும் இதுதான்.

குலுக்கல் மூன்று அடுக்காக நடக்கும். முதலில் வாக்காளர் பட்டியல் போன்ற ஏதாவது ஒரு முழுப் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் சில முகவரிகளை எடுப்பார்கள். ஒரே தெருவில் 100 வீடுகளைக் கேட்பதைவிடப் பத்துத் தெருவில் பத்துப் பத்து வீடுகளைக் கேட்பது எவ்வளவோ மேல், ஏனென்றால் ஒரு தெருக்காரர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி இருப்பார்கள்.

இரண்டாவது, கிடைத்த முகவரியிலிருந்து நடப்பது. இதற்கு வலது கை விதி என்று பெயர். தெருவின் வலது பக்கமாகவே போக வேண்டும், சந்து வந்தால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், இத்தனை வீடு விட்டு அடுத்த வீடு என்று முன்கூட்டியே சொன்ன கணக்கு மாறக் கூடாது. வீட்டு வாசலில் நாய் இருக்கிறது, மூன்றாவது மாடி ஏற வேண்டும், அந்த வீட்டம்மா முகத்தைச் சுளிக்கிறார் என்பதெல்லாம் காரணமாகாது. இந்த விதி இல்லாவிட்டால் கேட்பவர் கால் தானாகவே கோலம் போட்ட, கதவு திறந்த, சிரித்த முகம் தெரிகிற வீட்டுக்குத்தான் போகும். வாசகியின் வீடு அந்தக் கணக்கில் வரவில்லை, அதனால்தான் விட்டுவிட்டார்.

மூன்றாவது அடுக்குதான் அழகு. வீட்டுக்குள் போயாயிற்று, யாரிடம் கேட்பது? கதவைத் திறந்தவரிடமே கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலை 11 மணிக்கு வடசென்னையில் கதவைத் திறப்பது யார்? வீட்டுப் பெண்கள், வயதானவர்கள், ஓய்வு பெற்றவர்கள். விசைப்படகில் போனவர் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். துறைமுகத்தில் நைட் ஷிப்டு முடித்தவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். டீக்கடை வாசலில் நின்று பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். கதவு திறந்தவர்களை மட்டும் கேட்ட கம்பெனி, தன் சரக்கை அதிகம் வாங்குபவரைப் பார்க்காமலேயே அறிக்கை எழுதிவிடும்.

இதற்கு 1949-இல் ஒரு வழி சொன்னார் லெஸ்லி கிஷ். அன்றைய ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த புள்ளியியலாளர். வீட்டிலுள்ள வயது வந்தவர்கள் எல்லோரையும் வயது வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கும். இந்த வீட்டில் நாலு பேர் என்றால் மூன்றாமவரைக் கேள், அடுத்த வீட்டில் நாலு பேர் என்றால் முதலாமவரைக் கேள் என்று அது சொல்லும். இப்போது அந்த வேலையை டேப்லெட் செய்கிறது. பக்கத்து வீட்டில் அது பையனைக் காட்டியிருக்கிறது. இனி மாமியார் பேசினால் செல்லாது, மருமகள் பேசினாலும் செல்லாது. சாயங்காலம் திரும்ப வர வேண்டும், அப்போதும் இல்லையென்றால் இன்னொரு நாள். "அவன் இல்ல, என்ன வேணும்னு என்கிட்ட கேளு" என்று சொல்கிற ஆளிடம் பணிவாக மறுத்துவிட்டு வெயிலில் திரும்பி நடப்பது சாதாரண வேலை இல்லை. பல இடங்களில் முடித்த பேட்டிக்கு மட்டும்தான் கூலி, திரும்பி வந்த நடைக்குக் கிடையாது. அந்த நடையில்தான் சர்வேயின் உயிரே இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

குலுக்கலை விட்டால் எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு 1936 அமெரிக்கத் தேர்தல் சாட்சி. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது, ஏறத்தாழ 24 லட்சம் திரும்பி வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். சுமார் 50,000 பேரை வைத்துக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட் வெற்றியைச் சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை முகவரிகளை எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும். பொருளாதார மந்தக் காலத்தில் அதெல்லாம் வசதியானவர்கள் பட்டியல். போதாக்குறைக்கு, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு மாதிரி, அனுப்பாதவர்கள் வேறு மாதிரி. இன்று ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம், ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களை மட்டும் நம்பி முடிவெடுக்கும் வியாபாரிகள் செய்வதும் இதே தவறுதான்.

பிஸ்கட் சர்வேயில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்பதும் பலருக்கு எரிச்சல். வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் சந்தை ஆய்வுக்காக 2011-இல் வந்த வகைப்பாடு, குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 பொருள்கள் கொண்ட பட்டியலில் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பதையும் வைத்துக் குடும்பங்களை 12 படிகளாகப் பிரித்தது.

எல்லாக் குலுக்கலுக்கும் அடியில் ஒரு பட்டியல் வேண்டும், சரிபார்க்க ஒரு கணக்கெடுப்பு வேண்டும். இங்கேதான் வயிற்றெரிச்சல். புள்ளியியலாளர் மஹலனோபிஸ் 1930-களில் வங்காளத்தில் சணல் பயிரைச் சாம்பிள் எடுத்துக் கணக்கிட்ட நாடு இது. 1950-லேயே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அப்படிப்பட்ட நாட்டில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காமல் 2027-க்குப் போனது. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிடாமலே விட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்ட மக்கள்தொகை 46.5 லட்சம், அதில் திருவொற்றியூரோ மணலியோ மாதவரமோ சேரவில்லை. அந்தப் பக்கம் விம்கோ நகர் வரை மெட்ரோவே 2021-இல் வந்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு கம்பெனியும் தடுமாறுகிறது, ரேஷன் கடை எங்கே வேண்டும் என்று முடிவுசெய்யும் அரசும் தடுமாறுகிறது. கணக்கெடுப்புக்குச் செய்யும் செலவு வீண் செலவு இல்லை.

சரி, சின்னக் கடைக்காரர் என்ன செய்வது? எண் ஜோதிடம் பார்த்துக் கடைப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதற்குப் பணம் கொடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்து ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கூட்டிவராது. அந்தப் பணத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஒரு வாரம் வேலைக்கு வைக்கலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் புத்தகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்களுக்கு போன் போட வேண்டாம், வாங்காமல் போனவர் பெயர் பில்லில் இருக்காது. வாசலில் நிற்கச் சொல்லுங்கள். 1 முதல் 10 வரை எண் எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுங்கள். 7 வந்தால் வெளியே போகிற 7-ஆம் ஆள், 17-ஆம் ஆள், 27-ஆம் ஆள் என்று நிறுத்தி, கையில் பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், "என்ன தேடி வந்தீங்கக்கா, கிடைச்சுதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். காலையிலும் கேட்க வேண்டும், ஞாயிறு சாயங்காலக் கூட்டத்திலும் கேட்க வேண்டும். நிற்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.