இலக்கத்தை மட்டும் நம்பி ஐசியைத் தூக்கி எறியாதீர்கள்

போன மாதம் கல்முனையில் இருந்து ஒரு தம்பி பழைய பிரீகுவன்சி கவுண்டர் (அதிர்வெண் அளக்கிற கருவி) ஒன்றைத் தூக்கிக்கொண்டு கல்லடியில் இருக்கிற என் கடைக்கு வந்தார். "அண்ணன், இதில ஒரு ஐசி செத்துப்போச்சு, இதே இலக்கத்தில வேற கிடைக்குமா?" என்று சொக்கெட்டில் இருந்து கழற்றிய 14 கால் ஐசியை நீட்டினார். முதுகில் 7420 என்று மட்டும்தான் இருந்தது. மேல் வரி தெளிவாகத் தெரியட்டும் என்று தின்னர் போட்டுத் துடைத்தாராம், அச்சே போய்விட்டது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வாயால் ஊதி ஈரம் படியவைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அதுவே போதும்.

7420 என்று ஒரு நேண்ட் கேட் (ஒரு வகை லொஜிக் சுற்று) ஐசி உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு 14ஆம் காலில் 5 வோல்ட், 7ஆம் காலில் கிரவுண்ட். தம்பியும் அப்படித்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார், அசைவே இல்லை. ஆனால் அந்தக் கால ஐசிகளில் நான்கு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த திகதியாக இருக்கும். முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். அதாவது 1974, 20ஆவது வாரம்!

சரி, எது உண்மை என்று போர்ட்டிடம்தான் கேட்க வேண்டும். திருப்பிப் பார்த்தால், 5 வோல்ட் வருகிற பாதை 5ஆம் காலுக்கும் கிரவுண்டின் தடித்த செப்புப் பட்டை 10ஆம் காலுக்கும் போகிறது, 12ஆம் காலையும் 1ஆம் காலையும் ஒரு சின்னக் கோடு இணைக்கிறது. 7490, 7493 மாதிரியான, பல்ஸ்களை எண்ணுகிற கவுண்டர் ஐசிகளைத்தான் இப்படி இணைப்பார்கள். 90 பத்து வரை எண்ணும், 93 பதினாறு வரை.

பிரெட்போர்ட்டில் (பற்றவைக்காமல் செருகி இணைக்கிற பலகை) அதே மாதிரி இணைத்து, 6, 7ஆம் கால்களைக் கிரவுண்டில் வைத்து, 2, 3ஆம் கால்களை ஒருமுறை 5 வோல்ட்டில் தொட்டு ரீசெட் செய்து, பிறகு அவற்றையும் கிரவுண்டில் வைத்து, 14ஆம் காலுக்கு மெதுவாகப் பல்ஸ் கொடுத்தேன். 11ஆம் காலில் லொஜிக் புரோப், அந்தக் காலில் வோல்ட் வந்தால் விளக்கு எரிகிற சோதனைக் கருவி. தம்பி சத்தமாக எண்ணினார். எட்டில் விளக்கு பற்றியது, பத்தில் அணைந்தது. 93ஆக இருந்தால் பதினாறு வரை எரிந்திருக்கும். ஐம்பது வருடம் பழைய 7490, நல்ல உயிரோடு இருக்கிறது.

அப்புறம் சொக்கெட்டைப் பார்த்தோம். உப்புக் காற்றில், 5 வோல்ட் வருகிற அதே 5ஆம் காலின் தகடு பச்சை பிடித்துக் கிடந்தது.