சுற்றினால் ஷாக் அடிக்கும் பெட்டி

பார்த்தால் நகைப்பெட்டி மாதிரிதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே படுத்த வாக்கில் ஒரு லாடக்காந்தம், அதன் இரு முனைகளுக்கு எதிரே அச்சில் பொருத்திய இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள், அவற்றைச் சுழற்ற ஒரு பெரிய பித்தளைச் சக்கரம், பெட்டிக்கு வெளியே கைப்பிடி. மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில் நரம்பு நோய்களுக்கான காந்த மின்பொறி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெட்டிகள் வீட்டு வைத்தியச் சாமானாகவே விற்றன. 1854-இல் ஆரி டேவிஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். டேவிஸ் அண்ட் கிட்டர் என்ற பெயரில் வந்த பெட்டிகளைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். நோயாளி இரண்டு பித்தளை உருளைகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

மனநோய்க்கு மூளையில் கொடுக்கும் மின்சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கியது, வேண்டுமென்றே வலிப்பு வரவைக்கும் சிகிச்சை, முற்றிலும் வேறு விஷயம். இந்தப் பெட்டி யாருக்கும் வலிப்பு வரவைக்காது. கையைச் சுருக்கென்று இழுக்கும், சுற்றுபவர் விளையாட்டுப் புத்திக்காரராக இருந்தால் பிடித்தவரைக் கத்தவைக்கும்.

என்னிடம் வந்த பெட்டி எதையும் செய்யவில்லை. எவ்வளவு சுற்றினாலும் சத்தம் மட்டும்தான். பழைய காந்தம், வலு போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு பாதிதான் சரி.

காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருளை நகர்த்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். இதை ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தார், அடுத்த வருடமே பாரிஸில் பிக்சி என்பவர் கையால் சுற்றும் ஜெனரேட்டர் செய்துவிட்டார். நம் பெட்டியில் சுருள்களின் நடுவே தேனிரும்பு இருக்கிறது. ஒரு சுருள் காந்தத்தின் வட முனைக்கு எதிரே வரும்போது காந்தப்பாய்வு அதன் வழியே ஒரு திசையில் போகிறது. அரைச் சுற்று கழித்துத் தென் முனைக்கு வந்ததும் பாய்வு தலைகீழாகிறது. இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு மின்னழுத்தம். பேட்டரி வேண்டாம், அமிலம் நிரப்ப வேண்டாம், தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். அந்தக் காலத்தில் இது சின்ன வசதியில்லை.

முதலில் சுத்தம். பழைய எண்ணெய் அச்சில் பிசினாக இறுகியிருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மல்டிமீட்டரில் ஒரு சுருள் சில நூறு ஓம் மின்தடை காட்டியது, மற்றதில் தொடர்பே இல்லை. இங்கே பலர் செய்யும் தப்பு, பதறிப்போய்ச் சுருளை அவிழ்ப்பது. கம்பியின் மேல் சுற்றிய நூலுறை இத்தனை வருடத்தில் மக்கியிருக்கும், அவிழ்த்தால் கையோடு பொடியாக வரும். கம்பி உள்ளே அறுந்திருப்பது குறைவு, நுனியில் ஈயம் வைத்த இடம்தான் விட்டிருக்கும். என் பெட்டியிலும் அதே கதை. பச்சைக் களிம்புக்கு அடியில் தலைமுடி கனத்தில் ஒரு நுனி. சுரண்டிப் புது ஈயம் வைத்தவுடன் தொடர்பு வந்தது.

அப்புறம் காந்தம். அந்தக் காலத்துக் காந்தம் வெறும் கடினமாக்கிய எஃகு. கீழே போட்டாலும் சூடாக்கினாலும் முனைகளை இணைக்கும் இரும்புத் துண்டு இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தாலும் வலு இறங்கும். திசைகாட்டியை வைத்து எது வடக்கு என்று குறித்துக்கொண்டு, இரு கால்களிலும் தடித்த கம்பியைச் சுற்றி, முனைகளுக்குக் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வைத்து, கார் பேட்டரியைக் கண நேரம் தொட்டு எடுத்தேன். மூன்று நான்கு முறை. முன்பு ஒரு சாவியைத் தூக்கவே திணறியது, இப்போது இடுக்கியை விடமாட்டேன் என்றது. இன்றைய நியோடிமியம் காந்தத்தை வாங்கி உள்ளே வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அப்புறம் அது வேறு பெட்டி.

எல்லாம் ஆகியும் ஷாக் இல்லை. சோதனைக்கு விரலை வைக்காமல் ஒரு சின்ன நியான் பல்பை இணைத்திருந்தேன். அது எரிய 60 முதல் 90 வோல்ட் வரை வேண்டும். எரியவில்லை.

அச்சின் நுனியில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருந்தது. அதன் மேல் உரச வேண்டிய ஒரு பித்தளை ஸ்பிரிங், எதையும் தொடாமல் மேலே தூக்கி நின்றது. மீட்டரை வைத்துப் பார்த்தால், அந்த ஸ்பிரிங் அச்சைத் தொட்டதும் சுருளின் இரு நுனியும் நேராகச் சேர்ந்துவிடுகின்றன, அதாவது ஷார்ட் ஆகிறது. எனக்கு முன் யாரோ ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஷார்ட் என்றால் கோளாறுதானே என்று நல்லெண்ணத்தோடு வளைத்துவிட்டிருக்கிறார்!

உண்மையில் ஷாக்கே அந்த ஷார்ட்டில்தான் இருக்கிறது. சுருள் சுழன்று பிறக்கும் மின்னழுத்தம் சொற்பம், தோலைத் தாண்டி உறைக்கும்படி எதையும் அனுப்ப அதற்குத் தெம்பில்லை. அதனால் முதலில் ஸ்பிரிங் சுருளைக் குறுக்கிணைத்து, அதற்குள் மின்னோட்டத்தைத் தடையில்லாமல் ஓடவிடுகிறது. நன்றாக ஓடும் நேரம் பார்த்து அச்சின் தட்டையான பக்கம் வந்து ஸ்பிரிங்கை விலக்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால் சுருள் ஒத்துக்கொள்ளாது, ஓட்டத்தைத் தொடர வேண்டி மின்னழுத்தத்தைத் தானே ஒரே எகிறாக எகிறவைக்கும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரே வழி உருளைகளைப் பிடித்திருக்கும் ஆள். டியூப்லைட்டில் ஸ்டார்ட்டர் விட்டவுடன் சோக் உதைத்துக் குழாயை எரியவைப்பதும் இதே வித்தைதான்.

ஸ்பிரிங்கை அழுத்தம் பார்த்து வளைத்து, தொடும் இடத்தை மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து, எண்ணெய் படாமல் துடைத்துச் சுற்றினேன். ஸ்பிரிங் நுனியில் நீலப் பொறி, பல்பில் ஆரஞ்சு மினுக்கம்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் ஒரு இரும்புத் துண்டு காந்த முனைகளை நெருங்கும் அல்லது விலகும். நெருங்கினால் காந்தப்பாய்வில் ஒரு பங்கு அந்த இரும்பு வழியாகவே போய்விடும், சுருளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி, ஆனால் மின்சாரத்தைத் தொடாமல் காந்தத்தைக் குறைக்கிற திருகு. எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

மூடிக் காகிதத்தில் இன்னொரு குறிப்பு: உருளைகளின் நுனியில் ஈரப் பஞ்சு வைத்தால் நோயாளிக்கு உறுத்தல் குறையும் என்று. ஈரத் தோலில் மின்தடை பல மடங்கு இறங்கும், மின்னோட்டம் கூடும், அப்படியிருக்க உறுத்தல் எப்படிக் குறையும்? உலர்ந்த தோலில் மின்சாரம் உலோகம் சரியாகப் பட்ட சில புள்ளிகளில் மட்டும் நுழைகிறது, அதனால் ஊசி குத்துவது போலிருக்கும். ஈரத்தில் அதே மின்சாரம் பரவலாக நுழைகிறது. குத்தல் போய்த் தசை மட்டும் இழுக்கும்.

இப்படிப்பட்ட பெட்டி எதைக் குணப்படுத்தியது? அதற்குச் சொன்ன பெரும்பாலான நோய்களை அல்ல. ஆனால் தசை துடிப்பது நிஜம். பிரான்ஸில் டூஷேன் என்ற மருத்துவர் இதே வகைத் தூண்டல் மின்சாரத்தால் எந்தத் தசை எதை அசைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வலிக்காக இன்று ஒட்டுகிற மின்தூண்டல் பட்டைகள் தூரத்துச் சொந்தம், ஆனால் அவற்றில் துடிப்பின் அளவு கட்டுக்குள் இருக்கும். இதில் இருக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே போகக் கூடாது. மற்றவர்களும் இரண்டு கையால் பிடிக்க வேண்டாம், மின்சாரம் மார்பைக் கடந்துதான் போகும்.

நான் திருகைக் கடைசி வரை தாழ்த்திவிட்டு, இடது கையின் இரண்டு விரல்களை மட்டும் பெட்டியின் இரு மின்முனைகளில் வைத்து, வலது கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் விரலில் தனித்தனியாக ஒரு தட்டு. வேகத்தைக் கூட்டினேன். பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் சுருள் 8 சுற்று வருகிறது, கை விநாடிக்கு 2 முறை சுற்றினால் 32 தட்டு. அந்த வேகத்தில் தசைக்கு இடையில் தளர நேரமில்லை. தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, விரல் என்னைக் கேட்காமல் மடங்கி அப்படியே நின்றது. சுற்றுவதை நிறுத்தியதும் விரிந்தது.