ஹைட்ரோஃபொயில்: இலையா, சிறகா?

அக்கா மகன் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறான். பிடித்த தொழில் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம், பயல் போனிலேயே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தான். தலைப்பு ‘ஹைட்ரோஃபொயில் செய்யும் கடற்படைக் கட்டடக் கலைஞர்’. "மாமா, இவங்க நேவிக்கு கேம்ப் கட்டுறவங்களா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தமிழுக்கு அதுதான் அர்த்தம்.

நேவல் ஆர்க்கிடெக்ட் என்பதில் கடற்படையும் இல்லை, கட்டடமும் இல்லை. ‘நாவிஸ்’ லத்தீனில் கப்பல். ஆர்க்கிடெக்ட் என்பது கிரேக்கத்தில் தலைமைத் தச்சன். வள்ளமோ எண்ணெய்க் கப்பலோ, எவ்வளவு பாரம் தாங்கும், சாய்ந்தால் திரும்ப நிமிருமா, தண்ணீர் எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று கணக்குப் போட்டு உருவம் கொடுக்கிற பொறியியலாளர். மணிமேகலையில் மணிபல்லவம் போகப் புறப்படும் அரசன் ‘கலஞ்செய் கம்மியர் வருக’ என்று கூப்பிடுகிறான். அருமையான சொல்தான், ஆனால் இன்றைக்குக் கம்மியர் என்றால் நகை செய்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார், அதனால் ‘கப்பல் வடிவமைப்பாளர்’ என்று எழுதச் சொன்னேன்.

சரி, ஹைட்ரோஃபொயில். படகுக்கு அடியில், தண்ணீருக்குள் பொருத்தும் சிறகு அது; படகு வேகமாக ஓடும்போது அதை மேலே தூக்கிவிடும். ‘ஹைட்ரோ’ தண்ணீர், அதில் சிக்கல் இல்லை. ஃபொயில்தான் விஷயம். தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் இறங்காமல் வைப்பார்களே வெள்ளித்தாள், அதே ஃபொயில். மூலம் லத்தீன் ‘ஃபோலியம்’, அதாவது இலை! பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இலை போல மெல்லிய தகடு என்றாகி, விமானச் சிறகின் வடிவத்துக்கு ஏரோஃபொயில் என்று ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீரிலை’. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டால் ஒரு ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் வேலையைப் பாருங்கள். நுவரெலியா கிரகரி வாவியில் மோட்டார் போட்டில் போகும்போது கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருக்கிறேன். கை வெடுக்கென்று மேலே எகிறியது, குளிரில் விரல் விறைத்தாலும் விட மனம் வரவில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி, அதனால் சின்னச் சிறகே பெரிய படகைத் தூக்கிவிடும். வேகம் கூடக் கூடப் படகின் உடல் முழுதாகத் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், உடலைப் பிடித்து இழுத்த தண்ணீர் விலகிவிடும், கீழே சிறகும் அதைத் தாங்கும் கால்களும் மட்டும் கிழித்துக்கொண்டு போகும்.

1906இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் என்ரிகோ ஃபோர்லானினி ஏணிப்படி போல அடுக்கிய சிறகுகளோடு இதை ஓட்டிக் காட்டினார். டெலிபோன் கிரகாம் பெல்லுக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது, அவரும் கேசி பால்ட்வினும் செய்த எச்டி-4 என்ற படகு 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. தொழிலாகவே வாழ்ந்தவர் என்றால் ரஷ்யாவின் ரோஸ்திஸ்லாவ் அலெக்செயெவ். 1941இல் பட்டப்படிப்பை முடிக்க எழுதிய ஆய்வே இதைப் பற்றியதுதான், பயணிகளை ஏற்றும் ‘ரகேத்தா’ படகு வோல்கா ஆற்றில் ஓடியது 1957இல். நடுவில் 16 வருஷம். அவர் சிறகை நீர்மட்டத்துக்குக் கிட்டவே வைத்தார். படகு மிஞ்சி எழும்பினால் சிறகு மேற்பரப்பை நெருங்கித் தூக்கும் பலத்தை இழக்கும், படகு தானே இறங்கும். ஆற்றுக்கு ஏற்ற எளிமையான தந்திரம்.

அந்த ரஷ்யர்கள் இதை ‘நீரடிச் சிறகுக் கப்பல்’ என்றே சொல்கிறார்கள். இத்தாலியர்களின் ‘அலிஸ்காஃபோ’விலும் சிறகு உண்டு, ஜெர்மன்காரர்களுக்குத் ‘தூக்கும் சிறகுப் படகு’. இலையைக் கட்டிக்கொண்டிருப்பது ஆங்கிலம்தான். நாம் ஏன் அதன் பின்னால் போக வேண்டும்? இன்னொன்று, ஆங்கிலத்தில் சிறகுக்கும் படகுக்கும் ஒரே பெயர். தமிழில் பிரித்துவிடலாம்: அடியில் இருப்பது நீர்ச்சிறகு, அதன்மேல் ஓடுவது நீர்ச்சிறகுக் கலம்.

பயல் அப்படியே எழுதிக்கொண்டான். எழுதிவிட்டு, "நீரிலைனு போட்டா என்ன மாமா?" என்றான்.

"டீச்சர் தேத்தண்ணின்னு நெனச்சிருவாங்கடா."